கால் ஊன்றாமல்: பெங்களூரில் டிரையல்ஸ் பைக் பழக ஒரு முழுமையான வழிகாட்டி

ஓட்டுநர் உரிமத்துக்காக எட்டுப் போட்ட நாள் நினைவிருக்கிறதா? தரையில் கோடு, ஓரத்தில் தாளும் பேனாவுமாக ஆய்வாளர், வரிசையில் காத்திருப்பவர்களின் கண்கள். கால் தரையில் பட்டால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அந்த அரை நிமிடத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்திருப்போம். உரிமம் கைக்கு வந்ததும் அந்தத் திறமையை மைதானத்திலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். அதே எட்டைப் பாறைக்கும் மேட்டுக்கும் ஓடைக்கும் கொண்டுபோகிற விளையாட்டுதான் டிரையல்ஸ்.

மூன்று ஆண்டுகளாக இதைப் பழகிவருகிறேன். வீடு அல்சூரை ஒட்டிய மர்ஃபி டவுனில். வண்டி, ஹீரோ நிறுவனத்தின் எக்ஸ்பல்ஸ் 200. பயிற்சிக்கு இடம், பங்காரப்பேட்டைக்கு அருகே சித்தப்பாவின் நிலம். தொடங்கிய முதல் இரண்டு மாதங்களைத் தவறாகச் செலவழித்தேன். நேராகப் பாறைக்குப் போய், விழுந்து, தூக்கி, மறுபடி விழுந்தேன். பிறகு ஒரு நாள் சமதரைக்குத் திரும்பி வந்து எட்டுப் போடத் தொடங்கிய பிறகுதான் வண்டி என் பேச்சைக் கேட்டது. அந்த இரண்டு மாதம் உங்களுக்கு வீணாகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

விளையாட்டும் அதன் கணக்கும்

நாடா கட்டி எல்லை குறித்த ஒரு சிறு பாதைக்கு செக்‌ஷன் என்று பெயர். பாறை, மரவேர், சேறு, செங்குத்தான கரை என்று எதுவும் அதில் இருக்கலாம். கால் ஊன்றாமல் கடந்தால் 0. ஒரு முறை ஊன்றினால் 1, இரண்டு முறைக்கு 2, மூன்று முறைக்கும் அதற்கு மேலும் 3. விழுந்தாலோ எல்லையைத் தாண்டினாலோ 5. குறைந்த புள்ளி எடுத்தவரே வென்றவர். சில போட்டிகளில் வண்டி அசையாமல் நின்றுவிட்டாலே 5 கொடுத்துவிடுவார்கள்.

புதிதாகப் பழகுபவருக்கு இந்தக் கணக்கில் ஒரு சலுகை ஒளிந்திருக்கிறது. மூன்று முறை ஊன்றினாலும் முப்பது முறை ஊன்றினாலும் 3தான். ஆகவே மூன்றாவது முறை கால் பட்டதும் மனம் உடைந்து நின்றுவிடாதீர்கள். இரண்டு காலாலும் தள்ளிக்கொண்டு எப்படியாவது வெளியே வந்துவிடுங்கள். 5ஐ 3ஆக மாற்றுவதுதான் முதல் ஆண்டின் வேலை.

இது பழைய விளையாட்டு. ஸ்காட்லாந்தின் ஆறு நாள் டிரையல் 1909இல் தொடங்கியது. நமக்கு நெருக்கமான கதையும் ஒன்று உண்டு. பின்சக்கரத்தின் அதிர்வைத் தாங்க அசையும் கையும் (ஸ்விங் ஆர்ம்) எண்ணெய் நிரப்பிய ஷாக் அப்சார்பரும் வைத்த ராயல் என்ஃபீல்டு புல்லட்டை 1948இல் முதலில் கண்ணில் காட்டியதே இங்கிலாந்தின் டிரையல் போட்டி ஒன்றில்தான். டிரையல்ஸ் வண்டியில் அதெல்லாம் உதவாது என்று நம்பப்பட்ட காலம் அது. பிறகு ஜானி பிரிட்டன் அதே நிறுவனத்தின் வண்டியில் 1952லும் 1957லும் ஸ்காட்லாந்து டிரையலை வென்றார். திருவொற்றியூர் தொழிற்சாலையிலிருந்து வந்து நம் தெருக்களில் தடதடத்த புல்லட்டின் இரத்தத்தில் டிரையல்ஸ் இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்றைய பெயர் டோனி போவ். ஸ்பெயின் நாட்டுக்காரர். 2007 முதல் 2024 வரை ஓராண்டும் விடாமல் உலகப் பட்டத்தை வென்றவர். அவர் தொடங்கியது சைக்கிள் டிரையல்ஸில். எனக்கு இன்னும் பிடித்தவர் லாயா சான்ஸ். பெண்கள் டிரையல்ஸில் 13 முறை உலகச் சாம்பியன். அதே கைகளோடு, பல நாள் நீளும் நெடுந்தூரப் பந்தயமான டக்கார் ராலிக்குப் போய் 2015இல் ஒன்பதாவது இடம் பிடித்தார். அந்த ஆண்டு டக்காரை முடித்த முதல் இந்தியரான சி.எஸ். சந்தோஷ் நம் பெங்களூர்க்காரர்.

எந்த வண்டி?

உண்மையான டிரையல்ஸ் வண்டிக்கு உட்காரும் இருக்கையே கிடையாது. எடை ஏறக்குறைய 70 கிலோ. பீட்டா, கேஸ்கேஸ், ஷெர்கோ, மான்டெசா என்று ஐரோப்பியப் பெயர்கள். இங்கே ஒன்றை வாங்குவது சுலபமல்ல, வாங்கினாலும் சாலையில் ஓட்ட முடியாது. குட்டி யானையில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

அதற்காகக் காத்திருக்காதீர்கள். 21 அங்குல முன்சக்கரமும் நல்ல தரை இடைவெளியும் உள்ள எக்ஸ்பல்ஸ் போதும். எடை 150 கிலோவுக்கு மேல், டிரையல்ஸ் வண்டியைப் போல் இரண்டு மடங்கு. ஆகவே டோனி போவ் ஏறும் பாறைகளை மறந்துவிடுங்கள். முழங்கால் உயரத்துக்குக் கீழே ஒரு முழு உலகம் இருக்கிறது, அது பல ஆண்டுகளுக்குப் போதும். வீட்டில் பழைய ஸ்பிளெண்டரோ யமஹா ஆர்எக்ஸோ சும்மா நின்றால், சமதரைப் பாடங்களுக்கு அது இன்னும் நல்லது. எடை குறைவு, விழுந்தாலும் மனம் பதறாது.

வண்டியில் செய்ய வேண்டியவை சில. செயின் ஓடும் முன் பல்சக்கரத்தில் (ஸ்பிராக்கெட்) ஒரு பல் குறைத்தால் முதல் கியர் இன்னும் மெதுவாகும். ஜே.சி. ரோட்டில் கிடைக்கும், மாற்ற அரைமணி நேரம். கிளட்ச் லீவரையும் பிரேக் லீவரையும் ஒரே ஒரு விரலால் பிடிக்கும்படி உள்ளே தள்ளிப் பொருத்துங்கள். மற்ற மூன்று விரலும் ஹேண்டில்பாரைப் பிடிக்கவே. லீவர் பொருத்திய போல்ட்டை முறுக்கி இறுக்காதீர்கள். விழும்போது லீவர் சற்றுச் சுழன்றால் உடையாது. கண்ணாடிகளைக் கழற்றி வையுங்கள். எஞ்சினுக்கு அடியில் இரும்புத் தகடு கட்டாயம்.

டயர் காற்றில் கவனம் தேவை. டிரையல்ஸ் வண்டியின் பின்டயரில் ட்யூப் இல்லை, அதனால் 4 அல்லது 5 பிஎஸ்ஐ வரை இறக்குவார்கள். டயர் பாறையை உள்ளங்கைபோலப் பற்றும். நம் வண்டியில் ட்யூப் இருக்கிறது. அவ்வளவு இறக்கினால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே ட்யூப் நசுங்கிக் கிழியும், இல்லையென்றால் டயர் ரிம்மில் வழுக்கி வால்வைப் பிடுங்கிவிடும். நான் 15க்குக் கீழே போவதில்லை. கைப்பம்பும் காற்றளவு பார்க்கும் கருவியும் எப்போதும் பையில் இருக்கும்.

உடலுக்கு: முகம் முழுவதும் மூடும் ஹெல்மெட், முழங்கால் காப்பு, முழங்கை காப்பு, கையுறை, கணுக்காலை மூடும் கெட்டியான பூட்ஸ். ‘மெதுவாகத்தானே ஓட்டுகிறேன்’ என்று பூட்ஸை விட்டுவிடுபவர்கள் உண்டு. மெதுவாக விழும் 150 கிலோவும் 150 கிலோதான், அது முதலில் தேடிவருவது கணுக்காலை.

எங்கே பழகுவது?

பெங்களூரைச் சுற்றிலும் பாறை. ராமநகரப் பாறைகளைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். ஆனால் அங்குள்ள ராமதேவர பெட்டா பிணந்தின்னிக் கழுகுகளின் சரணாலயம். துரஹள்ளி வனத்துறையின் காடு. கோலாரின் அந்தரகங்கே மலை கோயிலும் காடும். இங்கெல்லாம் வண்டியை ஏற்றாதீர்கள். தங்கவயலின் சயனைடு மேடுகள் ஏறுவதற்கென்றே செய்து வைத்ததுபோல் தோன்றும். என் தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை செய்தவர். காற்றடிக்கும் நாளில் அந்த மேட்டின் தூசு ஊருக்குள் வந்து இறங்குவதைப் பற்றி வீட்டில் கேட்டு வளர்ந்தவள் நான். சுரங்கக் கழிவைக் கிளறிச் சுவாசிக்கவும் வேண்டாம், அங்கே வாழ்கிறவர்களின் வீட்டுக்குள் அனுப்பவும் வேண்டாம். கைவிடப்பட்ட கல்குவாரிகளையும் தவிருங்கள், ஓரம் எப்போது சரியும் என்று தெரியாது.

மிஞ்சுவது தனியார் நிலம். ஹோஸ்கோட்டை, மாலூர், பங்காரப்பேட்டை பக்கம் உறவினரோ நண்பரோ இருந்தால் கேளுங்கள். பயிர் வைக்காத கல்லாங்குத்து மூலை ஒன்று எல்லா நிலத்திலும் இருக்கும். சைலென்சரை மாற்றாதீர்கள். சத்தம் வந்தால் இரண்டாவது வாரமே ஊர் கூடிவிடும். ஆசிரியரோடு தொடங்க விரும்பினால், கோலார் பக்கம் சந்தோஷ் தொடங்கிய பிக் ராக் மண்பாதைப் பயிற்சி மையம் இருக்கிறது. மண்ணில் நின்று ஓட்டும் அடிப்படைகள் அங்கே கிடைக்கும்.

முதல் பாடம்: அசையாமல் நிற்பது

இதற்கு எஞ்சினே வேண்டாம். வீட்டு வாசல் போதும். முன்சக்கரத்தைச் சுவரில் மெல்ல முட்டவையுங்கள். ஹேண்டில்பாரை இடப்பக்கம் முழுவதும் திருப்புங்கள். முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஃபுட்ரெஸ்ட் மேல் ஏறி நில்லுங்கள். முழங்கால் சற்று மடங்கி, இடுப்பு பின்தள்ளி, முழங்கைகள் வெளியே விரிந்து இருக்கட்டும். பார்வை சக்கரத்தில் வேண்டாம், நேர் எதிரே.

முதல் நாள் ஒரு வினாடி நிற்பீர்கள். அது போதும். வண்டி ஒரு பக்கம் சாயத் தொடங்கினால் எதிர்ப்பக்க முழங்காலை வெளியே நீட்டுங்கள். கையால் இழுத்து நிமிர்த்த முயன்றால் இன்னும் வேகமாகச் சாயும். எங்கள் வீட்டின் பக்கச் சந்து ஒன்றரை ஆள் அகலம்தான். இரண்டு புறமும் சுவர் இருந்ததால் தோளைச் சாய்த்துக்கொள்ள முடிந்தது, பயமில்லாமல் பழக முடிந்தது. தினமும் பத்து நிமிடம், மூன்றாவது வாரத்தில் பத்து வினாடி நின்றேன். பிறகு சுவரை விட்டு ஒரு செங்கல்லுக்கு மாறினேன்.

இரண்டாவது பாடம்: இடது கை

ஓட்டுநர் பள்ளியில் எல்லோரும் கேட்ட பாடம், ‘பாதி கிளட்ச் பிடிக்காதே, தட்டு தேய்ந்துவிடும்’ என்பது. சாலைக்கு அது சரி. டிரையல்ஸில் பாதி கிளட்ச்தான் உயிர். ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் திறந்து அப்படியே வைத்துக்கொண்டு, வேகத்தை முழுவதும் கிளட்ச் விரலாலும் பின்பிரேக்காலும் ஆள வேண்டும். ஒரு கை நீரை ஊற்றிக்கொண்டே இருக்க மற்றொரு கை மடையை ஏற்றி இறக்குவதுபோல.

நம் பைக்குகளின் கிளட்ச் தட்டுகள் எண்ணெயில் நனைந்தே சுழல்பவை, ஆகவே ஓரளவு தாங்கும். ஆனால் காற்றில் குளிரும் எஞ்சின் நின்ற இடத்தில் ஓடினால் சூடேறும். பத்து நிமிடம் ஓட்டினால் ஐந்து நிமிடம் அணைத்து வையுங்கள். எஞ்சின் ஆயிலைக் குறித்த கெடுவுக்கு முன்பே மாற்றுங்கள்.

பயிற்சி இது: சமதரையில் பத்து மீட்டருக்கு இரண்டு கோடு போடுங்கள். நின்றுகொண்டு முதல் கியரில், எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாகக் கடந்து, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் முதலில் எட்டு வினாடியில் கடந்தேன். இப்போது நாற்பதுக்கு மேல் ஆகிறது. வேகமாகக் கடந்ததற்குப் பதிலாகத் தாமதமாகக் கடந்ததற்கு மனம் துள்ளும் அனுபவம் இந்தப் பத்து மீட்டரில்தான் கிடைத்தது. சில்க் போர்டு நெரிசலில் இந்தப் பாடம் தரும் அமைதியை நீங்களே உணர்வீர்கள்.

மூன்றாவது பாடம்: எட்டு

நின்றுகொண்டு எட்டுப் போட வேண்டும். இங்கே பொறுமையாக இருங்கள், எல்லாமே இதன் மேல்தான் கட்டப்படுகிறது.

வேகத்தில் திரும்பும்போது வண்டியோடு சேர்ந்து நாமும் சாய்வோம். மெதுவாகத் திரும்பும்போது வண்டி மட்டும் சாய வேண்டும், உடல் நிமிர்ந்து எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும். இடப்பக்கம் திரும்பினால் எடை வலது காலில். வலது கை நன்றாக நீள வேண்டும். நீளாவிட்டால் ஹேண்டில் முழுவதும் திரும்பாது, வட்டம் பெரிதாகிவிடும். பார்வை திருப்பத்தின் முடிவில் இருக்கட்டும், கழுத்தைத் தோளுக்கு மேல் திருப்பியே பாருங்கள். கண் போகும் இடத்துக்குத்தான் வண்டி போகும்.

வலப்பக்கத் திருப்பம் பலருக்கும் கடினம். ஹேண்டில் திரும்பத் திரும்பக் கிளட்ச் கை எட்டிப் போய்விடுகிறது, விரல் லீவரில் நழுவுகிறது. ஒரு மாதம் வலப்பக்கம் மட்டும் வட்டம் போட்டுத்தான் எனக்கு இது வசப்பட்டது. இரண்டு கற்களை ஆறு மீட்டர் இடைவெளியில் வைத்துத் தொடங்குங்கள். கால் ஊன்றாமல் பத்து எட்டு வந்தபின் அரை மீட்டர் குறையுங்கள். மூன்று மீட்டருக்கு வந்துவிட்டால் நீங்கள் பாறைக்குத் தயார்.

நான்காவது பாடம்: மேடு

ஏற்றத்துக்கான உந்துதலை அடிவாரத்திலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். ஏறும்போது உடல் முன்னே வரட்டும். உச்சியை நெருங்கும்போது ஆக்சிலரேட்டரைக் குறைத்துவிடுங்கள், இல்லையென்றால் அந்தப் பக்கம் பறந்து இறங்குவீர்கள். இறங்கும்போது உடல் பின்னே, முதல் கியர், முன்பிரேக்கில் ஒரு விரல், பிசைவதுபோல் மெல்ல.

நடுவழியில் எஞ்சின் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதைத்தான் முதலில் பழக வேண்டும். அதை நான் பழகவில்லை. சித்தப்பாவின் நிலத்துக் கரை ஒன்றில், குறுக்காக ஏறும்போது வண்டி நின்றது. பழக்கத்தில் இடது காலை நீட்டினேன். இடப்பக்கம் பள்ளம். கால் தரையைத் தேடிக்கொண்டே போனது, தரை வரவில்லை. வண்டியும் நானும் ஒன்றாக உருண்டோம். சித்தப்பா ஓடிவந்து முதலில் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தார், பிறகு என் காலைத் தொட்டுப் பார்த்தார்.

“எலும்புக்கு ஒன்றுமில்லை கண்ணு. மாடு மேய்க்கிறவன்கூடச் சரிவில் மேட்டுப் பக்கம்தான் நிற்பான். நீ ஏனம்மா பள்ளத்தில் கால் வைத்தாய்?”

“யோசிக்க நேரமில்லை சித்தப்பா.”

“அப்படியானால் ஏறுவதற்கு முன்பே யோசித்துவிடு.”

அன்றிலிருந்து எந்தச் சரிவிலும் ஏறுவதற்கு முன் மேட்டுப் பக்கம் எது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறேன். வண்டி நின்றால் மேட்டுப் பக்கக் கால்தான் ஊன்ற வேண்டும். வண்டி பள்ளத்தில் சாய்ந்தால் விட்டுவிடுங்கள், பிடிக்க முயலாதீர்கள். நேர் ஏற்றத்தில் நின்றுவிட்டால் முன்பிரேக் மட்டும் போதாது, எடை பின்சக்கரத்தில் இருப்பதால் முன்சக்கரம் சறுக்கும். கியரைப் போட்டபடியே கிளட்ச்சை விட்டால் அணைந்த எஞ்சினே பின்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு மேட்டுப் பக்கம் இறங்கி, கிளட்ச்சைச் சிறிது சிறிதாக விட்டுப் பிடித்து வண்டியைக் குறுக்காகத் திருப்புங்கள்.

ஐந்தாவது பாடம்: தைல மரத் துண்டு

கோலார் பக்கம் தைல மரத்துக்குப் பஞ்சமில்லை. பதினைந்து சென்டிமீட்டர் கனமுள்ள துண்டு ஒன்றைப் பாதி மண்ணில் புதைத்து, உருளாதபடி இரண்டு பக்கமும் முளை அடியுங்கள். நடை வேகத்தில் நேராக வாருங்கள், சாய்வாக வேண்டாம். ஒரு முழம் முன்னால் முழங்காலை மடக்கி முன் ஷாக்கை அழுத்துங்கள். அது எழும்பும் நொடியில் ஆக்சிலரேட்டரை ஒரு சிறு முறுக்கு. முன்சக்கரம் லேசாகி மரத்தின் மேல் உட்காரும். உட்கார்ந்ததும் கிளட்ச்சைப் பிடித்து, உடலை முன்னே கொண்டுவந்து முழங்காலைத் தளர்த்துங்கள். பின்சக்கரம் தானே உருண்டு ஏறிவரும்.

பின்சக்கரம் ஏறும் நேரத்தில் பயந்து முறுக்கினால் இருக்கை உங்களை முன்னால் எறியும். தவறுகள் பெரும்பாலும் இந்த ஒரு நொடியில்தான் நடக்கின்றன. நேரக்கணக்கு கூடிவர எனக்கு நூறு முறைக்கு மேல் ஆனது.

பாறை பற்றி ஒரு வார்த்தை. காய்ந்த கருங்கல் டயரை அருமையாகப் பிடிக்கும். செம்மண் ஒட்டிய டயரோடு அதே கல்லில் ஏறினால் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். ஏறுவதற்கு முன் காய்ந்த தரையில் பின்சக்கரத்தை ஒரு சுற்று சுழலவிட்டு மண்ணை உதறுங்கள். மழைக்காலத்தில் பாசி பிடித்த கல்லை அப்படியே விட்டுவிடுங்கள்.

களைப்பு

நீங்கள் நினைப்பதைவிட வேகமாகக் களைத்துப்போவீர்கள். முதலில் முன்கை இறுகிக் கல்லாகும், விரல் லீவரை விடாது. பிடியைத் தளர்த்தி, எடையைக் காலில் போடுங்கள். ஒன்றரை மணி நேரம் போதும். கடைசி அரைமணி நேரத்தில்தான் எலும்பு முறிகிறது என்பது என் அனுபவம். ஏப்ரல், மே மாதங்களில் காலை ஆறு மணிக்கே தொடங்கிவிடுங்கள், ஒருவருக்கு மூன்று லிட்டர் தண்ணீர் எடுத்துப் போங்கள். தனியாகப் போகவே கூடாது.

செக்‌ஷன் கட்டுவோம்

இரண்டு பேர் கிடைத்தாலும் போட்டி வைத்துவிடலாம். சணல் கயிறு, நான்கு குச்சி. நுழைவு, ஒரு திருப்பம், ஒரு மரத்துண்டு, ஒரு சிறு ஏற்றம், வெளியேறும் இடம். வண்டியில் ஏறுவதற்கு முன் அதை நடந்து பாருங்கள், உலகச் சாம்பியன்களும் நடந்துதான் பார்க்கிறார்கள். குனிந்து கல்லை ஆட்டிப் பாருங்கள். முன்சக்கரம் போகும் கோட்டையும் பின்சக்கரம் அறுத்துக்கொண்டு வரும் கோட்டையும் தனித்தனியாக மனதில் வரையுங்கள். எந்த இடத்தில் கால் ஊன்ற நேரும் என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள்.

எங்கள் நடுவர் சித்தப்பாதான். மடியில் ஒரு பால் பவுடர் டப்பா, கையில் புளியங்கொட்டை. கால் பட்டால் ஒரு கொட்டை டப்பாவில் விழும், டங்கென்று. முதல் ஆண்டு முழுவதும் அந்தச் சத்தம் என்னைத் துரத்தியது. போன டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பத்தைக் கடந்தேன், சத்தமில்லை. மரத்துண்டில் பின்சக்கரம் ஏறி இறங்கியது, சத்தமில்லை. ஏற்றத்தின் நடுவே வண்டி தயங்கியது, வலது முழங்கால் தானாக வெளியே நீண்டது, விரல் கிளட்ச்சை ஒரு மயிரிழை விட்டது. கயிற்றுக்கு வெளியே வந்து திரும்பிப் பார்த்தால், சித்தப்பா கொட்டைகளை உள்ளங்கையில் வைத்தபடியே எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

வீடு திரும்புவதற்கு முன்: டயர்களில் சாலைக்குரிய அளவுக்குக் காற்றை நிரப்புங்கள், கண்ணாடிகளை மாட்டுங்கள், செயின் தளர்வையும் இரண்டு பிரேக்கையும் பாருங்கள், சக்கர ஆரங்களில் சிக்கிய குச்சிகளை எடுத்துவிடுங்கள். கயிற்றைச் சுற்றி எடுத்துக்கொண்டு, மிதித்த மண்ணைச் சமப்படுத்திவிட்டு, பழைய மெட்ராஸ் ரோட்டில் ஏறுங்கள். கே.ஆர். புரத்தில் நெரிசல் காத்திருக்கும். அங்கேயும் கால் ஊன்றாமல் எவ்வளவு தூரம் போக முடிகிறது என்று எண்ணிப் பாருங்கள்.